டோல்கேட்டில் நின்ற ரயில்

1962 ஜூலை 9, திங்கட்கிழமை. காலை எட்டு மணி நாற்பத்திரண்டு நிமிஷம். தூறல் நின்று பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது. மூடுபனி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. என் ஜன்னலிலிருந்து எட்டடி தள்ளியிருந்த கேட்டுக் கம்பத்தில் ஒன்பது வெள்ளைக் கோடுகள் உண்டு, நாலுதான் தெரிந்தன. மேஜைமேல் இருந்த தேங்காயெண்ணெய்ப் புட்டிக்குள் ஈர்க்குச்சியைக் குத்தினால் சாயாமல் நிற்கும். அவ்வளவு குளிர்.

அந்த நேரத்தில் கீழேயிருந்து ஒரு ரயில் வந்தது.

நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். செண்பகனூருக்குக் கீழே, மலைரோட்டில், நான் ரைட்டராக உட்கார்ந்திருந்த டோல்கேட்டை நோக்கி ரயில் வந்தது. முதலில் 'கூ...' என்று ஊதல். பிறகு 'குப்பு குப்பு' என்று சத்தம். கொடைக்கானல் மலையில் தண்டவாளமே கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்து, வளைவு வளைவாக இறங்கி, கொடை ரோடு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

பனி கொஞ்சம் விலகியது. முன்னால் என் மகள் வசந்தா. ஒன்பது வயது, ஐந்தாம் வகுப்பு. அவளுக்குப் பின்னால், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு பிள்ளைகள். எண்ணினேன். பதினொன்று. எதையும் எண்ணாமல் விடுகிற வழக்கம் எனக்கு இல்லை; அந்த ரோட்டில் போகிற ஒவ்வொரு பஸ்ஸையும் லாரியையும் மாட்டுவண்டியையும் எண்ணத்தான் எனக்குச் சம்பளம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்குப் புதிதாக வந்து நாலு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் பதினோரு சிநேகிதர்களா என்று சந்தோஷம். நடந்து போகிறவர்களுக்குக் கேட்டே கிடையாது, ஓரமாகப் போய்விடலாம். இருந்தாலும் எழுந்து வெளியே போய், பஸ்ஸுக்கு இழுப்பது போலவே கயிற்றை இழுத்துக் கம்பத்தைத் தூக்கினேன். ஒரு சல்யூட் வேறு அடித்தேன்.

"ரயிலு போகலாம், ரைட்!" என்று கத்தினேன்.

பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு போனார்கள். வசந்தா மட்டும் என் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்தாள். ஒரே ஒரு தடவை.

என் வாழ்க்கையில் நான் செய்த தவறுகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அந்தக் கம்பத்தைத் தூக்கியது அதில் முதல் மூன்றுக்குள் வரும்.

வாயில் தீ

போன வாரம் இந்தப் பத்தியில் லாரிகளின் பிரேக்கைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு தாயார் கடிதம் போட்டிருக்கிறார். பிரேக்கைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அவருடைய மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம். இரண்டு நாளாகப் போக மாட்டேன் என்கிறானாம். உங்கள் காலத்தில் இதற்கெல்லாம் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்.

அம்மா, என்ன செய்யக் கூடாது என்பதில்தான் எனக்கு அனுபவம். மூன்று தப்புகள் செய்தேன். முதலாவதைத்தான் மேலே சொன்னேன்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனேன். வீடு டோல்கேட்டுக்குக் கீழே இருந்த லைன் வீடுகளில் ஒன்று. வாசலிலேயே என் மனைவி பாக்கியம் நின்றாள். இடுப்பில் கை. வசந்தா அரை நாளிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"நல்லா இருக்குங்க நீங்க செஞ்ச காரியம்," என்றாள் பாக்கியம். "பெத்த அப்பனே நின்னு கேட்டத் தூக்கி விட்டிருக்கீங்க."

"வெளையாட்டுன்னுல நெனச்சேன்."

"வெளையாட்டா? நாலு வாரமா 'ரயிலு ரயிலு'ன்னு பிள்ளைய உசுரோட தின்னுதுக. நீங்க ராத்திரி டியூட்டி பாத்துட்டு வந்து கட்டையாக் கெடப்பீங்க. ஒங்களுக்கு எங்க தெரியப் போகுது?"

அது உண்மை. அந்தத் திங்கட்கிழமைதான் எனக்குப் பகல் டியூட்டிக்கு மாறியிருந்தது. அன்றுதான் முதல்முறையாகப் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் நான் கேட்டில் விழித்திருந்தேன்.

பாக்கியம் சொன்ன விவரம் இது. எனக்கு மாற்றலாகி, நாங்கள் அய்யம்பாளையத்திலிருந்து ஜூன் மாதம்தான் மலையேறினோம். அடிவாரத்து ஊர், தென்னந்தோப்பு, வெயில். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள் பிரேயருக்கு வரிசையில் நின்றபோது, வசந்தா தன் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வருவதைப் பார்த்திருக்கிறாள். வாயை மூடினால் மூக்கிலிருந்து வந்திருக்கிறது. வரிசையை விட்டு ஓடிப்போய் டீச்சரின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், எனக்கு வயித்துக்குள்ள தீப்பிடிச்சிருச்சு, தண்ணி குடுங்க!" என்று அழுதிருக்கிறாள்.

குளிரில் எல்லார் வாயிலும்தான் புகை வந்தது. அதைக் கண்டு பயந்தவள் இவள் ஒருத்திதான்.

பெயர் வைத்தவள் ரோசலின். இவள் வகுப்பு, இவளைவிட அரைச்சாண் உயரம், பங்களா சமையல்காரரின் மகள். இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினால் எதிர் மலை வரை கேட்கும். "ஏ, இது பொண்ணு இல்லடி, ரயிலு எஞ்சின்!" என்றிருக்கிறாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வசந்தா தெருவில் இறங்கியதும் பின்னால் பெட்டிகள் சேர ஆரம்பித்துவிட்டன.

நாற்பத்தொன்று

இரண்டாவது தப்பு, நான் சொன்ன புத்திமதி.

"அதுக சொல்றதக் காதுல வாங்காத. ஒண்ணும் பேசாம, வாய மூடிக்கிட்டுப் போயிரு. ரெண்டு நாள்ல சலிச்சுப் போயிரும்," என்றேன்.

தலையாட்டினாள். கேட்டைத் தூக்கியதிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு முத்தையாவின் லாரி கேட்டில் வந்து நின்றது. பேரிக்காய் ஏற்ற வாரத்துக்கு மூன்று நடை மேலே போகிற டிரைவர். முன்சீட்டில் வசந்தாவை உட்கார வைத்திருந்தார். அவள் உதடு நாவல்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது.

"ரைட்டரய்யா, ஒங்க பிள்ள மைல்கல்லுக்கிட்ட தலையப் பிடிச்சிக்கிட்டு உக்காந்து கெடக்கு. காலைல எதுவும் சாப்பிட்டுச்சா, இல்லையா?"

சாப்பிட்டிருந்தாள். மூன்று இட்லி. நான் எண்ணினேன்.

தூக்கி என் நாற்காலியில் உட்கார வைத்துச் சூடாகத் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு நாளில் முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

"நாப்பத்தோரு எட்டு வரைக்கும் முடியுதுப்பா. அதுக்கு மேல தல சுத்துது."

"என்ன நாப்பத்தோரு எட்டு?"

"வாய மூடிக்கிட்டுப் போறது. மூக்கையும் மூடிக்கிட்டாத்தான பொகை வராது? நேத்து முப்பத்தாறு. இன்னைக்கு நாப்பத்தொண்ணு."

நான் சொன்னது பேச்சு வழக்கு. 'வாயை மூடிக்கொண்டு போ' என்றால் பதில் பேசாதே என்று பொருள். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, புகை வெளியே தெரியாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு மலையேறியிருக்கிறாள். வீட்டிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு எட்டு. எனக்குத் தெரியும். எண்ணுகிற வழக்கம் அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்பதும் தெரியும்.

முத்தையா ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். லாரியை எடுத்துக்கொண்டு போனார்.

பதினொன்று பதினேழு ஆனது

மூன்றாவது தப்பு, புகார். அதை நான் முறைப்படி செய்தேன். அதுதான் அதில் உள்ள கொடுமை.

மூன்று நாள் காலையில் கேட்டில் நின்று எண்ணினேன். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஊதல், முன்னால் நிற்பது யார், கடைசியில் நிற்பது யார். கட்டம் போட்டு எழுதி, கீழே கையெழுத்திட்டு, தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர். பட்டியலைப் படித்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா எங்க வாத்தியார்களே எழுதுறதில்ல சார்," என்றார். பதினோரு பேரையும் கூப்பிட்டு ஈரத் தரையில் முட்டி போட வைத்தார். ஆளுக்கு இரண்டு அடி. நான் திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை ரயிலில் பதினேழு பேர்.

புதிதாகச் சேர்ந்த ஆறு பேரும், முட்டி போட்டவர்களின் தம்பி தங்கைகள். வசந்தாவுக்கு அடுத்து நின்ற ரோசலின் என் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஏ எஞ்சின், இன்னைக்கு எக்ஸ்ட்ரா கோச் போட்டிருக்கு. மூவ், மூவ்!" என்றாள். 'ரயிலு அப்பாகிட்டச் சொல்லிருச்சு' என்று ஒரு புதுப் பாட்டும் வந்திருந்தது. ராகம்கூட நன்றாகத்தான் இருந்தது.

தண்டனை கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் உடம்பில் கை வைத்தால் பெரியவர்கள் குறுக்கே போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனேன். அவள் சண்டையை எடுத்து என் சண்டையாக்கினேன். அடி வாங்கியவர்கள் அதற்கான வட்டியை அவளிடம் வசூலித்தார்கள்.

அன்றைக்குப் பாக்கியம் முடிவு கட்டிவிட்டாள்.

"ஆடிப் பதினெட்டுக்கு எங்கண்ணன் வருவாரு. அவரோட பிள்ளைய ஊருக்கு அனுப்பிருவோம். இந்தக் குளிரும் வேணாம், இந்தப் பள்ளிக்கூடமும் வேணாம்."

அவள் அண்ணன் தங்கமான மனிதர். ஆனால் அவர் வீட்டில் இரண்டு பெண்கள், இரண்டு பேரும் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர்கள். தோப்பில் தேங்காய் பொறுக்குவார்கள், மட்டை பின்னுவார்கள். கீழே இறங்கினால் வசந்தா இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டாள், படிப்பு அதோடு முடிந்தது என்று எனக்குத் தெரியும். பாக்கியத்துக்கும் தெரியும். அதனால்தான் அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆடிப் பதினெட்டுக்குப் பதிமூன்று நாள் இருந்தது.

தப்புப்படி

சாயங்காலங்களில் ஒத்திகை ஆரம்பித்தோம். என் யோசனைதான். பாக்கியம் ரோசலினாக நடிப்பாள். வசந்தா பதில் சொல்ல வேண்டும். பதில்களை நானே தாளில் எழுதிக் கொடுத்தேன்.

பாக்கியம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஏலே ரயிலு! கரி போட்டாச்சா? கக்கு பாப்போம் பொகைய!" என்று ஆரம்பித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மனைவிக்குள் இத்தனை ரோசலின் இருக்கிறாள் என்று கல்யாணமாகிப் பத்து வருஷமாக எனக்குத் தெரியாது.

வசந்தா தாளைப் பார்த்து வாசித்தாள்: "ஒருவரது இயலாமையைக் கண்டு நகைப்பது பண்பாகாது."

வெளியே 'களுக்' என்று சத்தம். முத்தையா. லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இதக் கேட்டா எனக்கே கிண்டல் பண்ணணும்போல இருக்கு," என்றார்.

பாக்கியம் சிரித்துவிட்டாள். நான் தாளைக் கிழித்துப் போட்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தத் தெரியாத நேரத்தில்தான், முப்பத்தைந்து வயதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை என் மகளிடம் சொன்னேன்.

பழனி அடிவாரத்தில் எங்கப்பாவுக்குப் பூஜைச் சாமான் கடை. எனக்கு எட்டு வயதிருக்கும்போது மலைக்கோயில் படிகளை எண்ணினேன். மூன்று தடவை ஏறினேன், மூன்று எண்ணிக்கை வந்தது. மண்டபத்துப் படியைச் சேர்ப்பதா, பாதிப் படியைப் படி என்பதா என்று எனக்குள் பெரிய குழப்பம். அதைப் போய் வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். ஊரே ஏறி இறங்குகிற படியை எண்ணத் தெரியாதவன் என்று 'தப்புப்படி' என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடம் முடிகிற வரை அதுதான் என் பெயர். நடந்து போனால் பின்னாலிருந்து, "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு!" என்பார்கள்.

வசந்தா சிரித்தாள். பதினேழு நாளில் முதல் சிரிப்பு.

"தப்புப்படி!" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு, "நீங்க என்னப்பா பதில் சொன்னீங்க?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல."

"ஏன்?"

யாராவது 'படி' என்று உரக்கச் சொன்னால் இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அவங்களையும் எண்ணச் சொல்லியிருக்கலாம்ல? அவங்களுக்கும் தப்பாத்தான வந்திருக்கும்?"

இருபத்தேழு வருஷமாக எனக்குத் தோன்றாத பதில்.

அவள் எழுந்து வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள்.

"அப்பா, அந்தப் பிள்ளைக ரயிலப் பாத்திருக்குமா?"

"இந்த மலைய விட்டு எறங்கினாத்தான பாக்க முடியும்? பாதிக்கு மேல வத்தலக்குண்டே பாத்திருக்காதுக."

"ம்," என்றாள். அதற்கு மேல் ஒத்திகை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

கேட்டைப் போடுங்க

ஆடிப் பதினெட்டுக்கு மூன்று நாள் இருந்தது. காலை எட்டு மணி முப்பத்தொன்பது நிமிஷம். பனி, ஆனால் மழையில்லை. ஊதல் கேட்டது. ஒரு பஸ் அப்போதுதான் போயிருந்ததால் கம்பம் மேலேயே இருந்தது.

வசந்தா முன்னால் வந்தாள். தலை குனிந்திருக்கவில்லை. வாயும் மூடியிருக்கவில்லை. நன்றாகப் புகை விட்டுக்கொண்டு வந்தாள். கேட்டுக்குப் பத்தடி முன்னால் கையைத் தூக்கினாள்.

"அப்பா, கேட்டப் போடுங்க!"

நான் எழுந்து வெளியே போனேன். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து விட்டேன். கம்பம் இறங்கி 'டங்'கென்று தாங்கியில் உட்கார்ந்தது. அவள் அதற்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய், முதல்முறையாகத் திரும்பி அவர்களைப் பார்த்து நின்றாள்.

"ஏ, எஞ்சின் ஏன் நின்னுருச்சு? மூவ், மூவ்!" என்றாள் ரோசலின்.

"கேட்டுப் போட்டிருக்குல்ல. எஞ்சின் நிக்கத்தான் செய்யும்."

"நின்னுக்கோ. நாங்க போறோம்."

"எங்கிட்டுப் போவீங்க? எஞ்சின் நான். நீங்கல்லாம் பெட்டி. எஞ்சின் இல்லாம பெட்டி மட்டும் எங்கிட்டுப் போகும்?"

ஓரமாக நடந்து போயிருக்கலாம். ஆனால் ரயில் ஓரமாகப் போகுமா? பதினேழு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். வரிசையின் நடுவில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வசந்தாவைப் பார்த்துச் சிரித்ததல்ல.

"டிக்கெட்ட எல்லாம் எடுங்க," என்றாள் வசந்தா.

"என்ன டிக்கெட்டு?"

"ரயிலுல ஏறினா டிக்கெட் எடுக்கணும்ல? ரோசலின், நீ ரயில்ல போயிருக்கியா?"

ரோசலின் வாயைத் திறந்தாள். வெள்ளையாகப் புகை வந்தது. புகை மட்டும்தான் வந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

"பாத்தாவது இருக்கியா?"

"எங்க டாடி பாத்திருக்காரு," என்றாள் ரோசலின். குரல் இறங்கிவிட்டது.

"நான் ரெண்டு தடவ போயிருக்கேன். கொடை ரோட்டுல இருந்து மதுரைக்கு. நீங்க கத்துற மாதிரி சும்மா குப்பு குப்புன்னு மட்டும் போகாது. கெளம்புறப்ப ஸ்ஸ்ஸ்னு ஆவி விடும். பிளாட்பாரம் அதிரும். கால் வழியா வயித்துக்கு ஏறும் பாரு, அந்த அதிர்வு. ஜன்னல்கிட்ட உக்காந்தா கண்ணுல கரி விழும். வைகைப் பாலத்துல போறப்ப சத்தமே மாறிப் போகும்."

வரிசையின் கடைசியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள். முட்டி போட்ட ஒருத்தியின் தங்கை. அவள்தான் கேட்டாள்:

"அக்கா, மரமெல்லாம் பின்னால ஓடுமாமே, நெசமா?"

அக்கா. இந்த மலையில் ஏழு வாரத்தில் என் மகளை அப்படிக் கூப்பிட்ட முதல் குரல்.

"நெசந்தான். வா, ஏத்திக்கிறேன்," என்றாள் வசந்தா. ஜன்னலோரம் வந்து என்னிடம் கையை நீட்டினாள். "அப்பா, புக்கு."

என் மேஜையில் ரசீதுப் புத்தகம் இருந்தது. லாரிக்குக் கிழிப்பது. ஒவ்வொரு தாளுக்கும் எண் உண்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷ சர்வீசில் ஒரு ரசீது தவறியதில்லை. மை கொட்டிய ரசீதைக்கூட ஒட்டி, 'கெட்டது' என்று எழுதிக் கணக்கில் காட்டுகிறவன் நான். பழைய தாள் எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தக் கை நீட்டியபடி நின்றது. பழைய தாளைத் தேட நேரமில்லை.

கொடுத்தேன். பென்சிலையும் கொடுத்தேன்.

பின்னால் ஹாரன். முத்தையாவின் லாரி. "ஏலே, என்ன கேட்டுப் போட்டுக் கெடக்கு? வெரசாத் தெறங்கய்யா, சோலி கெடக்கு!"

"ரயிலு நிக்குது. செத்த நேரம் பொறும்!" என்றேன். அப்படிப் பேசியது நானா என்று எனக்கே ஆச்சரியம்.

முத்தையா இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, கை கட்டிக்கொண்டு நின்றார்.

வசந்தா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பேரு? எந்த ஊருக்கு? மதுரைக்கு ஐந்து பேர், பழனிக்கு நாலு பேர், வத்தலக்குண்டுக்கு மூன்று பேர். வத்தலக்குண்டில் ரயில் நிற்காது என்று சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு பேர் பயந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கே எடுத்தார்கள். ஒருவன் "எங்க பாட்டி ஊருக்கு," என்றான். ஊர்ப் பெயர் தெரியவில்லை. அந்த ஆறு வயதுச் சிறுமிக்கு ரசீதைச் சரியாக நடுவில் கிழித்து, "ஒனக்கு அரை டிக்கெட்," என்றாள்.

கடைசி ஆளாக ரோசலின் மிஞ்சினாள். ஓரமாக நடந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மெட்ராஸ் ஒண்ணு."

"ரிட்டர்ன் வேணுமா?"

"அப்படின்னா?"

"திரும்பி வாறதுக்கு."

"வேணும்," என்றாள் ரோசலின்.

வசந்தா எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். புத்தகத்தை என்னிடம் நீட்டிவிட்டு, வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். "அப்பா, இப்பத் தெறங்க."

கயிற்றை இழுத்தேன். சல்யூட்டுக்குக் கை எழுந்தது. பழைய நினைவில் பயந்து பாதியில் இறக்கிவிட்டேன். அவள்தான் அடித்தாள். விரல் நெற்றியில் பட, சுத்தமான சல்யூட்.

"வண்டி செண்பகனூர் வரைக்கும் எங்கயும் நிக்காது!" என்று கத்தினாள். பதினெட்டு வாயிலிருந்தும் புகை கிளம்பியது. ரயில் வளைவில் திரும்பி மறைகிற வரை நானும் முத்தையாவும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எனக்கும் ஒரு ரசீது கிழிங்க சாமி," என்றார் முத்தையா. "லாரிக்கு."

வகை: ரயில்

அன்றிலிருந்து அந்த ரயில் தினமும் ஓடியது. எப்போது கிளம்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும், யார் எந்தப் பெட்டி என்று எல்லாம் வசந்தா வைத்ததுதான் சட்டம். ரோசலின்தான் ரயில் கார்டு. ஊதுவதற்கு அவளைவிட்டால் ஆளில்லை. 'ரயிலு' என்ற பெயர் போகவில்லை. வசை மட்டும் போய்விட்டது.

ஆடிப் பதினெட்டுக்கு மைத்துனர் வந்தார். ஒரு நாள் தங்கினார். காலையில் மகளை அனுப்பச் சொல்லிக் கேட்டதற்குப் பாக்கியம், "அவ எங்க வருவாண்ணே? அவ இல்லாட்டி இங்க வண்டி கெளம்பாது," என்றாள். ஒரு மூட்டை பேரிக்காயோடு அவர் தனியாகத்தான் பஸ் ஏறினார். வசந்தா அந்தப் பள்ளிக்கூடத்தை முடித்து, மேலே படித்து, முப்பத்திரண்டு வருஷம் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனாள்.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு: இது எல்லாப் பிள்ளைக்கும் பலிக்கும் என்று நான் எழுதித் தர மாட்டேன். உங்கள் மகனின் பெயர் என்ன பெயரோ, வைத்தவர்கள் எப்படிப்பட்டவர்களோ. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பதில் எழுதிக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு யாராவது பட்டப்பெயர் வைத்திருந்தால் அதை அவனிடம் சொல்லுங்கள். பிறகு, அவன் கேட்டைப் போடச் சொல்கிற நாளில் கயிற்றுக்குப் பக்கத்தில் இருங்கள்.

இனி என் பங்கு. டிக்கெட் கிழித்த அன்று காலையே பதிவேட்டை எடுத்தேன். நேரம்: 8.51. திசை: மேலே. 'வாகன வகை' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. ஒன்பது வருஷமாக அந்தக் கட்டத்தில் நான் பொய் எழுதியதில்லை. 'ரயில்' என்று எழுதினேன். எண்ணிக்கை: 1. ரசீதுகள்: 4412 முதல் 4428 வரை.

மூன்று வாரத்தில் ஆபீசிலிருந்து மெமோ வந்தது. 'மலைச்சாலையில் ரயில் சென்றதாகக் காட்டப்பட்டிருப்பது குறித்து விளக்கம் தேவை.' நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"எல்லாம் சரிங்க. ஆனா பதினேழு ரசீது போயிருச்சே. லாரி ரேட்டுல கட்டித்தான் ஆகணும்," என்றார்.

"ஒண்ணு அரை டிக்கெட்டுங்க," என்றேன்.

"ரூல்ல அரை லாரி இல்லையே."

நியாயம்தான். லாரி ஒன்றுக்கு எழுபத்தைந்து நயா பைசா. பதினேழு ரசீது. அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. பன்னிரண்டு ரூபாய் எழுபத்தைந்து நயா பைசா.